பேஸ் கித்தார் பெட்டியும் பெரியக்காவின் தாலாட்டும்

உங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே என்ன கிடக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு ஏறிப் பாருங்கள். பாசி பிடித்த கேசட்டுகள் இருக்கும். இறக்கை ஒடிந்த மின்விசிறி இருக்கும். யாரோ கொடுத்த திருமண அன்பளிப்பு, பெட்டி பிரிக்காமலேயே இருக்கும். எங்கள் வீட்டில் கிடந்தது ஓர் இரும்புப் பெட்டி. இரண்டு முழ அகலம், நாலு விரல் உயரம், முன்பக்கம் வரிசையாகத் திருகு குமிழ்கள். தூக்கினால் கனக்கும்.

அது என் தம்பியுடையது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பட்டணத்து இசைக்குழுவில் அவன் பேஸ் கித்தார் வாசித்தான். திருமண வீடு, கோயில் திருவிழா, தோட்டத்து மண்டபத்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று வாரம் தவறாமல் வேன் ஏறிப் போவான். பேஸ் கித்தாரின் மெல்லிய மின்னொலியை முதலில் வாங்கி, வளர்த்து, ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும் முன்பெருக்கி அந்தப் பெட்டி. இசைக்காரர்கள் 'பிரீயாம்ப்' என்பார்கள். உள்ளே வால்வுகள். சிங்கப்பூரில் பழைய விலைக்கு வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். தம்பி போய்ப் பல வருடங்களாகி விட்டன. பெட்டி மட்டும் இருந்தது.

அதைக் கீழே இறக்கியவள் அவன் மகள். "பெரியப்பா, அப்பாவோட பெட்டியில மைக்கைச் சொருகி அத்தை பாட்டைப் பதிஞ்சிடலாமா?" என்று கேட்டாள்.

அத்தை என்று அவள் சொன்னது என் பெரியக்காவை. வயது எண்பத்தொன்று. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டு, மரம் வெட்டப் போகும் விடியற்காலையில் பயம் தெரியாமலிருக்கப் பாடிய பாட்டு, எழவு வீட்டில் பாடிய ஒப்பாரி என்று எத்தனையோ அவர் நெஞ்சில் இருக்கின்றன. எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தத் தோட்டமே இப்போது இல்லை. அக்காவின் குரலும் ஓரிரு வருடமாகத் தேய்ந்து கொண்டே வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டால் பதிவு செய்ய என்ன மிஞ்சும் என்று மருமகள் கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

நான் நாற்பது வருடம் வானொலிப் பெட்டி பழுது பார்த்தவன். வால்வு என்றால் இன்றைக்கும் கை துறுதுறுக்கும். "பார்க்கலாம்மா" என்றேன். இந்தக் கட்டுரை அப்படிப் பார்த்த கதை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கலாம், அல்லது உங்கள் பிள்ளை எங்காவது மலிவாக வாங்கி வந்திருக்கலாம். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். மைக்கைப் பதிவு செய்ய இந்தப் பாடு தேவையே இல்லை. இன்று கணினியுடன் இணைக்கும் சிறு பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கினால் போதும். அதன் இரைச்சல் எந்த வால்வு பெட்டியையும்விடக் குறைவாகவே இருக்கும். வால்வு என்றதும் தேன் ஒழுகும் என்று சிலர் எழுதுவதை நான் நம்புவதில்லை. வால்வில் ஒலி கொஞ்சம் உருண்டு, கூர் மழுங்கி வரும். சிலருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். எங்களுக்குக் காரணம் வேறு. அப்பாவின் பெட்டி வழியாக அத்தையின் குரல் போக வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டாள். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எறும்புக் குரலும் தகரக் கூரை மழையும்

முதல் நாளே மருமகள் அவசரப்பட்டு விட்டாள். மைக்கின் மூன்று முள் கம்பியைக் கித்தார் துளைக்கு மாற்றும் ஒரு கேபிளைக் கடையில் வாங்கி வந்து, நேரே பெட்டியில் சொருகி, குமிழை முழுக்கத் திருகினாள். வந்தது என்ன தெரியுமா? லயத்துத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். அதற்கு அடியில் எறும்பு முனகுவது போல அக்காவின் குரல்.

"பெட்டி கெட்டுப் போச்சா பெரியப்பா?" என்றாள். பெட்டி கெடவில்லை. பேஸ் கித்தாரும் மைக்கும் ஒரே சாதியல்ல, அதுதான் சங்கதி.

பேஸ் கித்தாரின் காந்தச் சுருள் நூறு, இருநூறு மில்லிவோல்ட் என்று தாராளமாகத் தரும். மேடைப் பாடகர்கள் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக் அப்படியல்ல. 1966-இல் வந்து இன்றும் மேடை மேடையாக நிற்கும் ஷூர் எஸ்.எம்.58-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அருகில் வைத்து நன்றாகப் பாடினால் ஒலியளவு 94 டெசிபெல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது தருவது ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். பெரியக்கா போல மெல்லப் பாடினால் அரை மில்லிவோல்ட் கூடத் தேறாது. கித்தார் ஒரு வாளித் தண்ணீர் என்றால் மைக் ஒரு தேக்கரண்டி.

அளவு மட்டுமல்ல, தடையும் வேறு. கித்தார் சுருளின் தடை ஆயிரக்கணக்கான ஓம். அதனால் கித்தார்ப் பெட்டியின் நுழைவாயிலை 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் என்று அகலமாக வைத்திருப்பார்கள். மைக்கின் தடையோ 150 முதல் 300 ஓம்தான். போதாக்குறைக்குக் கித்தார் கம்பிக்கு இரண்டே இழை, மைக் கம்பிக்கு மூன்று. அந்த மூன்றாவது இழை சும்மா இல்லை. இரண்டு இழைகளில் ஒலி எதிரெதிராக ஓடும். வழியில் ஒட்டிக்கொள்ளும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கடைசியில் தானே அடிபட்டுப் போகும். மருமகள் வாங்கிய கேபிள் ஓர் இழையைத் தரையில் கட்டி, இந்த நன்மையை அப்படியே தூக்கி எறிந்து விட்டது.

சரி, அந்த மழை இரைச்சல் எங்கிருந்து வந்தது? பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும்.

லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1938-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் என்ற ஊரில் வானொலிப் பழுதுபார்க்கும் கடை திறந்தவர். என் தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பற்று. 1951-இல் மின்சார பேஸ் கித்தாரையும், 1952-இல் அதற்கென்றே ஒரு ஆம்ப்ளிபயரையும் விற்பனைக்குக் கொண்டு வந்தார். பின்னாளில் வந்த வால்வு பேஸ் முன்பெருக்கிகள் பலவும் ஃபெண்டர் ஆம்ப்ளிபயர்களின் முன்பகுதியை வெட்டி எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்த மாதிரிதான். இந்த வகையில் பெயர் பெற்றது கலிபோர்னியாவில் 1969-இல் தொடங்கிய அலெம்பிக் நிறுவனத்தின் எஃப்-2பி. தம்பியின் பெட்டியில் பெயர் எழுத்தெல்லாம் தேய்ந்து விட்டது. திறந்து பார்த்தால் உள்ளே அதே ஃபெண்டர் வழிச் சுற்றுதான்.

அந்தச் சுற்று மிக எளியது. ஒலி உள்ளே வந்ததும் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வின் ஒரு பாதி அதை ஐம்பது, அறுபது மடங்கு வளர்க்கும். (இந்த வால்வில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் குடியிருக்கின்றன. பழைய பிலிப்ஸ் ஆட்கள் இதையே இசிசி83 என்பார்கள்.) பிறகு பேஸ், மிடில், டிரெபிள் குமிழ்கள். அந்தக் குமிழ்ச் சுற்று வளர்ந்ததில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதனால் மறு பாதி வால்வு மறுபடி ஒரு முறை வளர்த்து வெளியே அனுப்பும்.

குற்றவாளி வாசலிலேயே நிற்கிறான். ஒலி நுழையும் இடத்தில் ஃபெண்டர் வழிச் சுற்றுகளில் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு உண்டு. முதல் துளையில் சொருகும்போது இரண்டும் இணையாகச் சேர்ந்து 34 கிலோ ஓம் தடையாக வழியில் நிற்கும். எந்த ரெசிஸ்டரும் வெறுமனே கிடந்தாலே, அறைச் சூட்டில் அதற்குள் மின்னணுக்கள் அலைபாய்ந்து ஓர் இரைச்சலை உண்டாக்கும். இதை யாரும் தடுக்க முடியாது, இயற்கை. 34 கிலோ ஓம் என்றால் காது கேட்கும் எல்லைக்குள் 3 மைக்ரோவோல்ட்டுக்குச் சற்று அதிகம். கித்தாரின் வாளித் தண்ணீருக்கு இது ஒரு துளி; தெரியாது. அக்காவின் தேக்கரண்டிக்கு? குரல் நூறு பங்கு என்றால் இரைச்சல் ஒரு பங்கு. "நூறுக்கு ஒன்றுதானே!" என்று நினைக்காதீர்கள். காது பொல்லாதது. நூறில் ஒரு பங்கு என்பது பழைய கேசட்டைவிட மோசம். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் மழை பெய்யும்.

ஒன்றுக்குப் பத்து

இதற்கு மருந்து ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. மைக்குக்கென்றே செய்த, ஒன்றுக்குப் பத்து விகிதம் உள்ள ஏற்று டிரான்ஸ்பார்மர். மைக்கிலிருந்து வரும் அரை மில்லிவோல்ட்டை ஐந்து மில்லிவோல்ட்டாக்கி வால்வுக்குக் கொடுக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம், வால்வு வேண்டாம். மிதிவண்டியில் பெரிய பல்சக்கரத்தை மிதித்துச் சின்னச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுகிறோமே, அதே வேலைதான். மைக்கால் கொஞ்சம் கூடுதல் மின்னோட்டம் தர முடியும். அதைக் கொடுத்து வோல்ட்டை வாங்கிக் கொள்கிறோம். மூன்று இழை மைக் கம்பியின் நன்மையும் முழுதாகக் கிடைக்கும்.

பெட்டியைத் திறக்கவே அஞ்சுகிறவர்கள், மைக் கம்பிக்கும் கித்தார் துளைக்கும் நடுவே சொருகும் குழாய் வடிவ டிரான்ஸ்பார்மரை வாங்கலாம். ஷூர் நிறுவனத்தின் ஏ95யூஎஃப் அப்படிப்பட்டது. ஒரு கம்பி கூட வெட்ட வேண்டாம். பாதிப் பலன் அதிலேயே கிடைத்து விடும். பெரும்பாலான வாசகர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் முழுப் பலனுக்கு ஆசைப்பட்டோம். டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, வாசலில் நின்ற இரண்டு 68 கிலோ ஓம்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் ஒரு கிலோ ஓம் போட்டோம். ஒன்றுமே போடாமல் விட்டால் வால்வு வானொலி அலைகளைப் பிடித்துக் கொண்டு கிசுகிசுக்கும், அதற்குத்தான் இது. வால்வின் கிரிட்டிலிருந்து தரைக்குப் போகும் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரையும் 150 கிலோ ஓமாக மாற்றினோம். ஏன் தெரியுமா? ஒன்றுக்குப் பத்து டிரான்ஸ்பார்மரில் தடை நூறு மடங்காக மாறும். 150 கிலோ ஓம் அந்தப் பக்கம் இருந்தால், மைக் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது 1,500 ஓமாகத் தெரியும். மைக்குகள் விரும்பும் அளவு அதுதான். ஒரு மெகா ஓமையே விட்டு வைத்தால் டிரான்ஸ்பார்மர் உச்ச ஒலிகளில் கூவ ஆரம்பிக்கும். எந்த டிரான்ஸ்பார்மரை வாங்கினாலும் கூட வரும் தாளில் எவ்வளவு சுமை வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள்.

கணக்குப் பார்த்தால் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழப் பத்து மடங்கு பெருகுகிறது. நூறுக்கு ஒன்றாக இருந்தது ஆயிரத்துக்கு ஒன்று.

சாமான்களைக் கோலாலம்பூர் ஜாலான் பசாரில் வாங்கினேன். சிங்கப்பூர் வாசகர்களுக்கு சிம் லிம் டவர் இருக்கிறது. ரெசிஸ்டரெல்லாம் காசு பெறாது. டிரான்ஸ்பார்மர்தான் வெள்ளியைக் கேட்கும். அங்கே கஞ்சத்தனம் பண்ணினேன்; அனுபவித்தேன். முதலில் வாங்கிய மலிவுச் சரக்குக்கு உலோகக் கவசம் இல்லை. பெட்டியின் பெரிய மின் டிரான்ஸ்பார்மரிலிருந்து பரவும் காந்த அலையை அப்படியே உறிஞ்சி, 'ம்ம்ம்' என்று வண்டு போல ரீங்காரமிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கவசம் போட்ட நல்லதாக வாங்கினேன்.

அதையும் எடுத்தவுடன் திருகாணி போட்டு முடுக்கி விடாதீர்கள். இரண்டு நீளக் கம்பிகளில் தொங்க விட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையால் மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டென்று அடங்கும். அந்தக் கோணத்தில் பேனாவால் கோடு கிழித்து, மின்சாரத்தை நிறுத்தி, பிறகு துளை போடுங்கள். (திருப்பும்போது கை டிரான்ஸ்பார்மரின் கூட்டை மட்டும் தொட வேண்டும். இதைச் செய்யும் தைரியம் அனுபவம் இல்லாதவருக்கு வரவே கூடாது.) எங்களுக்கு மின் டிரான்ஸ்பார்மருக்கு எதிர் மூலையில், கிட்டத்தட்ட நெடுக்கு வாட்டில் அந்த இடம் கிடைத்தது.

கரண்டு விளையாட்டல்ல

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கொள்கிறேன். டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துப் பழகிய பிள்ளைகள் வால்வுப் பெட்டியையும் அதே துணிச்சலுடன் திறக்கிறார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவில் 9 வோல்ட். வால்வுப் பெட்டியில் 250, 300 வோல்ட். அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும்! பெரிய கண்டென்சர்கள் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மின்காப்பு உள்ள கிளிப் கம்பிகளில் மாட்டி, கண்டென்சருக்குக் குறுக்கே அரை நிமிடம் வையுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால்தான் கை உள்ளே போகலாம். அதுவும் ஒரு கை. இன்னொரு கை கால்சட்டைப் பைக்குள். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

தம்பியின் பெட்டியில் இன்னொரு வில்லங்கம். அமெரிக்காவில் செய்தது, 117 வோல்ட்டுக்கு. நம் வீட்டுச் சுவரில் 230. நேரே சொருகினால் ஒரு கணத்தில் புகை. இறக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான இறக்கு டிரான்ஸ்பார்மர்களில் பல, வீட்டு மின்சாரத்திலிருந்து நம்மைப் பிரித்து வைப்பதில்லை; எர்த் கம்பியையும் பெட்டி வரை கொண்டு போவதில்லை. பெட்டியில் இருந்ததோ இரண்டு முள் பழைய கம்பி. அதை மாற்றி மூன்று கம்பியாக்கி, எர்த்தைப் பெட்டியின் இரும்பு உடம்பில் இறுக்கித் திருகினோம். சுவர்ப் பக்க வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் கொடுத்தேன். நாற்பது வருட அனுபவம் இருந்தும் கொடுத்தேன்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறேன்? கித்தார் வாசிப்பவர் பெட்டியை விரலால் தொடுகிறார். மைக்கில் பாடுபவர் உதட்டால் தொடுகிறார். 1972-இல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டு சுவான்சியில், லெஸ்லி ஹார்வி என்ற கித்தார் கலைஞர் ஆயிரம் பேர் பார்க்க நின்ற மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்தார். என் இளவயதில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில், மழை ஈரத்தில் வெறுங்காலுடன் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லப் போன எனக்கே உதட்டில் சுள்ளென்று அடித்திருக்கிறது. பின்னால் தள்ளிவிட்டதால் பிழைத்தேன். மைக்செட்டுக்காரர் எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தார். "ரீங்காரம் வருதுன்னு வெட்டினேன்" என்றார்! ரீங்காரம் வந்தால் காரணத்தைத் தேடுங்கள். எர்த்தை மட்டும் வெட்டாதீர்கள்.

எண்பத்தொரு வயதுப் பெண்மணியின் உதட்டுக்கு இரண்டு அங்குலத்தில் இந்த மைக் நிற்கப் போகிறது. அதனால் ஒரு வாரம் பிடித்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் கம்பிகளை ஒன்றோடொன்று நன்றாக முறுக்கி, பெட்டியின் ஓரமாக ஒட்டி ஓட விட்டோம்; கொஞ்ச நஞ்ச ரீங்காரமும் போயிற்று. வயதான பெரிய கண்டென்சர்களைப் புதிதாக மாற்றினோம். வால்வை மெல்ல விரல் நகத்தால் தட்டிப் பார்த்ததில் ஒன்று மணி போல 'டிங்' என்று ஒலித்தது; கித்தாருக்குப் பரவாயில்லை, மைக்குக்கு ஆகாது. ஸ்லோவாக்கியாவில் இன்றும் புது வால்வு செய்கிறார்கள். அதில் ஒன்று வாங்கிப் போட்டோம்.

குமிழ்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த ஃபெண்டர் வழிக் குமிழ்களில் எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் ஒலி சமமாக வரும் என்று நினைப்போம். வராது. நடு ஒலி பள்ளமாகி விடும். மனிதக் குரலின் உயிரே அந்த நடு ஒலியில்தான் இருக்கிறது. பேஸையும் டிரெபிளையும் பூஜ்யத்துக்கு இறக்கி, மிடிலைப் பத்துக்கு ஏற்றினால்தான் ஏறத்தாழச் சமமாக வரும். பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள், விட்டு விடுங்கள்.

வெளியே போகும் வாயிலிலும் கவனம் வேண்டும். இந்த மாதிரிப் பெட்டியில் ஒலி நேரே வால்வின் ஆனோடிலிருந்து வருவதால் அது பலவீனமானது. நீளக் கம்பியை இழுக்க அதற்குத் தெம்பில்லை. பத்து மீட்டர் கம்பி போட்டால் உச்ச ஒலிகள் வழியிலேயே கரைந்து விடும். இன்னொரு வால்வு சேர்த்துத் தெம்பு கொடுக்கலாம்; பெட்டியில் இடமில்லை. நாங்கள் ஒரே ஒரு மீட்டர் கம்பியால், கணினிப் பெட்டியில் கித்தாருக்கென்று இருக்கும் துளையில் கொடுத்தோம். அந்தத் துளை ஒரு மெகா ஓம் அளவுக்கு அகலமானது, ஆகவே ஒத்துப் போயிற்று.

கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு 48 வோல்ட் தர வேண்டும். அந்த 48 எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை: 1966-இல் நார்வே வானொலி கேட்டதற்காக நியூமன் நிறுவனம் இந்த முறையைச் செய்து கொடுத்தது, அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக் கொண்டிருந்தது! மைக்கின் இரண்டு இழைகளுக்கும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வழியாகக் கொடுப்பார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையேல் டிரான்ஸ்பார்மருக்குள் மின்னோட்டம் புகுந்து அதன் இரும்பைக் கெடுக்கும். தவில், உருமி பதிவு செய்கிறவர்கள் கண்டென்சர் மைக்குக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே ஒலியைப் பத்தில் ஒரு பங்காக்கும் ஒரு சுவிட்சும் வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வால்வு மூச்சுத் திணறிக் கரகரக்கும். எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

பதிவை இரவு பதினொரு மணிக்கு மேல் வைத்துக் கொண்டோம். மின்விசிறியை நிறுத்தி, குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, சன்னலுக்குப் போர்வை கட்டினோம். இவ்வளவு பாடுபட்டு இரைச்சலை அடக்கியதில், அதுவரை கேட்காத சுவர்க் கடிகாரம் பதிவில் கேட்டது. அதையும் கழற்றி அடுக்களையில் வைத்தோம். பின்புறத்துக் கால்வாய்த் தவளைகளை என்ன செய்ய முடியும்? அவை பதிவில் இருக்கின்றன.

பெரியக்கா பாயில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக் கொண்டிருந்தார். மேல் மூடியின் துளைகள் வழியே வால்வின் செந்நிற ஒளி தெரிந்தது.

"கரண்டு அடிக்காதே தம்பி?"

"அடிக்காதுக்கா. நான் பார்த்திருக்கேன்."

"சின்னவன் பொட்டிதானே இது? அவன் இதைத் தொடவே விடமாட்டான்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் பாட ஆரம்பித்தார். முதல் பாட்டில் குரல் நடுங்கியது. மூன்றாவது பாட்டுக்குள் மைக் இருப்பதையே மறந்து விட்டார். ஹெட்போனில் எனக்கு அவர் மூச்சு இழுப்பது கேட்டது, வெற்றிலை மெல்லும் நாக்கு அண்ணத்தில் தட்டுவது கேட்டது. அடியில் மழை இல்லை. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மீட்டரைப் பார்ப்பது போல் குனிந்து கொண்டேன்.

அன்று பதினொரு பாட்டு. பன்னிரண்டாவது, எங்கள் அம்மா ஆயாக்கொட்டகையில் பாடிய தாலாட்டு. அதில் பாதியில் நின்று விட்டார். அடுத்த அடி வரவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு வரும், நிறுத்து" என்றார்.

மறுநாள் வரவில்லை. நாலு நாள் கழித்து மதியச் சோறு போட்டுக் கொண்டிருந்தபோது கரண்டியும் கையுமாகக் கூப்பிட்டார், "வந்திருச்சு, வந்திருச்சு!" மருமகள் ஓடிப் போய்ப் பெட்டியைப் போட்டாள். வால்வு சூடேற அரை நிமிடமாவது வேண்டுமே. அக்கா மறந்து விடாமலிருக்க உதடு அசைய முணுமுணுத்துக் கொண்டே மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, மூடித் துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடுப்பு பத்திக்கிச்சா?" என்றார்.